படகு வீடு: ஏறும் முன் கேட்க வேண்டியவை

ஆலப்புழாவில் படகு வீட்டில் தங்கப் போகிறேன் என்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது நேரக் கணக்கு. ஒரு நாள் வாடகை கட்டினால் நாள் முழுக்கப் படகு ஓடும் என்று நம்பிப் போகிறவர்கள் நிறைய. நடைமுறை வேறு. நண்பகல் பன்னிரண்டு மணிவாக்கில் ஏற்றிக்கொள்வார்கள். மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் காயல் மீனவர்களுக்கு உரியது. வலை விரித்திருக்கும் தண்ணீரில் பெரிய படகுகள் ஓடக் கூடாது. மறுநாள் காலை ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணியளவில் இறக்கம். ஆக, மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பயணத்தில் கணிசமான பங்கு போய்விட்டது என்று பொருள். முந்தின நாளே ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

ஓடும் நேரம் இவ்வளவு குறைவு என்பதால், அறையின் அலங்காரத்தைவிட வழித்தடம் முக்கியம். "எந்த வழியாகப் போவீர்கள், ராத்திரி எங்கே கட்டுவீர்கள்?" என்று முன்பதிவின்போதே கேளுங்கள். விடுமுறை நாட்களில் புன்னமடை படகுத்துறைப் பக்கம் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். கைனகரி போன்ற குட்டநாட்டுக் கிராமங்களின் பக்கம் போனால் பார்க்க வேண்டியதைப் பார்க்கலாம்: வரப்புக்கு இந்தப் பக்கம் உயரத்தில் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளத்தில் நெல். கடல் மட்டத்துக்கும் கீழே நடக்கும் விவசாயம் அது. இன்று நீங்கள் தங்கும் படகின் மூதாதையான கெட்டுவள்ளம், ஒரு காலத்தில் இந்த நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிச் சென்றது. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பிணைத்துக் கட்டுவார்கள்.

பெரிய படகு குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையாது. ஊரும் வீடுகளும் அங்கேதான் இருக்கின்றன. அதற்காகத் தனியே ஒரு மணி நேரம் சிறு வள்ளமோ ஷிகாராவோ அமர்த்திக்கொள்ளுங்கள்.

ஏசி என்று எழுதியிருந்தால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேளுங்கள். ஜெனரேட்டரில் ஓடுவதால் பல படகுகளில் இரவில் மட்டுமே போடுவார்கள். சாப்பாடு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். வழியில் கரையில் நிறுத்தி இறாலோ கரிமீனோ வாங்கினால், எடையும் விலையும் பேசி முடித்த பிறகு சமையல்காரரிடம் கொடுங்கள்.

இனிச் சொல்வதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. படகின் பதிவுச் சான்றிதழையும் எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தைகளுக்கான அளவு உண்டா என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 2009இல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023இல் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு 22 உயிர்களைக் கொண்டுபோனது. அவை படகு வீடுகள் அல்ல; ஆனால் தண்ணீரின் விதி எல்லாப் படகுக்கும் ஒன்றுதான். படம் எடுக்க எல்லோரும் ஒரே ஓரத்துக்கு ஓடாதீர்கள். மேல்தளத்தில் கூட்டம் கூட வேண்டாம். முன்பக்கத் திறந்தவெளியில் குழந்தையைத் தனியே விடாதீர்கள். குடித்துவிட்டுக் காயலில் இறங்குவது கூடவே கூடாது.

கழிவறைக் கழிவைத் தொட்டியில் சேர்க்கிறார்களா, நேரே தண்ணீரில் விடுகிறார்களா என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல அது. கேட்கிறவர்கள் கூடக் கூடத்தான் படகுக்காரர்கள் திருந்துவார்கள். அந்தக் கரையில் குடியிருப்பவர்கள் அதே தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். நாம் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்கள். ஒரு பிஸ்கட் உறைகூட நம் கையிலிருந்து அந்தத் தண்ணீரில் விழ வேண்டாம்.