தோணியிலும் கடையடியிலும் சிகரெட்டை விடுவது எப்படி?

மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குகிறவர்கள் குறைவு. கடையடியில் ஒன்று, தேத்தண்ணியோடு ஒன்று, வலை இழுத்து முடிந்ததும் தோணிக்குள் ஒன்று என ஒற்றையொற்றையாகவே போகும். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை பத்துகிறோம் என்பது பலருக்குச் சரியாகத் தெரியாது. விட நினைப்பவர் முதலில் இரண்டு மூன்று நாளைக்கு ஒவ்வொன்றையும் குறித்து வைக்கட்டும்: எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. பீடியையும் சேர்த்துத்தான், பீடி சிகரெட்டை விடப் பரவாயில்லை என்பது வெறும் பேச்சு.

ஓர் இழுவையில் நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணித்தியாலத்தில் ஏறக்குறைய பாதியாகும். அப்போது வரும் எரிச்சலையும் பதற்றத்தையும் அடுத்த சிகரெட் தணிக்கிறது. "பத்தினால் மனம் ஆறுது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முந்தின சிகரெட் வைத்துவிட்டுப் போன குறையைப் பிந்தினது தீர்க்கிறது. விட்டவருக்கு முதல் மூன்று நாளும்தான் கடுமை. நித்திரை குழம்பும், பசி கூடும், வீட்டில் எல்லோர் மேலும் கோபம் வரும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். திடீரென எழும் ஆசையோ ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் நிற்கும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்தத் தெரிந்தால் போதும்: தண்ணீர் குடிக்கலாம், இடத்தை விட்டு எழும்பி நடக்கலாம், வலையில் கிழிந்ததைப் பொத்தலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா? இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நாள் குறித்து ஒரேயடியாக விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர் நான்கு கிழமைக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 பேர். நானும் நாள் குறிக்கத்தான் சொல்வேன். "நாளைக்கு ஒன்றுதானே" என்று நிறுத்திக்கொள்வதும் உதவாது. ஒன்றே ஒன்று பத்துகிறவருக்கும் கூடுகிற இதயநோய் ஆபத்து, இருபது பத்துகிறவருக்குக் கூடுவதில் பாதிக்குக் கிட்ட வரும்.

உங்கள் குறிப்பில் தோணிதான் அதிகம் வந்திருந்தால், விடக் குறித்த நாளுக்கு முன்பே கூட வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். "இந்தா மச்சான், ஒன்று பத்து" என்ற உபசரிப்பைத் தட்டுவது, இரவுக் கடலின் குளிரைத் தாங்குவதை விடச் சிரமம். தோணியில் பீடியும் வேண்டாம், அதற்கென்று ஒரு நெருப்புப்பெட்டியும் வேண்டாம். வாய்க்கு வேலை கொடுக்கக் கச்சான் கொண்டு போங்கள். தேத்தண்ணியும் கோப்பியும் கொஞ்சம் குறையட்டும்: புகைப்பவர் உடல் கஃபீனை வேகமாகக் கழிக்கும், விட்டபின் அதே அளவு குடித்தால் கஃபீன் உடலில் தங்கி, நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. பழியோ சிகரெட்டை விட்டதன் மேல் விழும்.

கடைக்குப் பிள்ளையை அனுப்பி வாங்கும் வழியையும் அடைத்துவிடுங்கள். இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதே குற்றம்.

மருந்தும் உண்டு. மெல்லும் நிக்கொட்டின் பசையையும் தோலில் ஒட்டும் பட்டியையும் உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. காலையில் எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம் பசை, மற்றவருக்கு 2. அதைச் சுவிங்கம் போல விடாமல் மெல்லக்கூடாது; காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். எங்கே கிடைக்கும் என்று வாகரை வைத்தியசாலையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ விசாரிக்கலாம். புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1948. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு என்பதால் மறக்காது. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலர் சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்குகிறார்கள். அது விட்டதாகாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது.

வயது போய்விட்டது, இனி விட்டு என்ன என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டோல் குழு 2004இல் சொன்னது: 60 வயதில் விட்டவருக்கு தொடர்ந்து புகைப்பவரை விட ஏறக்குறைய 3 ஆண்டு ஆயுள் கூடும், 50இல் விட்டவருக்கு 6, 40இல் 9.

நடுவில் ஒன்று பத்திவிட்டால் புது நாள் குறிக்கக் காத்திருக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் தண்ணீரில் நனைத்து எறிந்துவிட்டு, எந்த இடத்தில், யாரோடு பத்தினீர்கள் என்பதையும் அந்தக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.