குழாயிலிருந்து கசியும் மின்சாரம்

இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாறை. அதன் நுண்துளைகளில் இருப்பது எண்ணெயா, உப்புத் தண்ணீரா? மின்சாரத்தை அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் ஊறிய பாறையில் மின்சாரம் சுலபமாக ஓடும். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எண்ணெய்ப் பாறையில் மின்தடை அதிகம். 1927 செப்டம்பரில், பிரான்சின் பெஷல்பிரான் எண்ணெய் வயலில், ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழு கிணற்றுக்குள் மின்முனைகளை இறக்கி முதன்முதலாக இப்படி அளந்தது.

ஆனால் அங்கே அளந்தது வெறும் பாறைச் சுவரை. எண்ணெய் எடுக்கும் கிணற்றில், சுவர் சரியாமலிருக்க எஃகுக் குழாயை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் நிரப்பிவிடுவார்கள். பல வருஷம் கழித்து, எண்ணெய் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால்? குழாயைக் கழற்ற முடியாது. எஃகோ பாறையைவிடக் கோடி மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். அனுப்பிய மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் குழாய் வழியாகவே ஓடிவிடும்.

அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் நமக்கு வேண்டியது. வயலுக்குப் போகும் மண் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மேலே ஓடும் தண்ணீரையும் கொஞ்ச தூரம் தள்ளி ஓடும் தண்ணீரையும் அளந்தால், எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மண்ணுக்குள் கசிந்திருக்கும். இங்கும் அப்படியே. குழாய்க்குள் இறக்கும் கருவியின் மின்முனைகள் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். சில ஆம்பியர் மின்சாரம் குழாயில் பாயும். அதில் துளியூண்டு பாறைக்குள் கசியும். எண்ணெய்ப் பாறை என்றால் கசிவு இன்னும் குறைவு.

குழாயின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. துரு அரித்திருக்கும், மூட்டுகள் குறுக்கிடும். அதனால் இன்னொரு முறை குழாயில் மட்டும் மின்சாரம் ஓடவிட்டு அதன் தடையையும் அளந்துகொள்கிறார்கள். மின்சாரம் வேகமாகத் திசை மாறினால் எஃகைத் தாண்டி வெளியே போகாது. அதனால் வினாடிக்கு ஒரு சுற்று என்கிற அளவில் ஆமை வேகத்தில்தான் மாற்றுகிறார்கள்.

கடைசியில் அளக்க வேண்டிய வித்தியாசம் நானோவோல்ட் கணக்கில் வரும். ஒரு வோல்ட்டை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோவோல்ட்! கருவி நகர்ந்தால் இரைச்சலில் எல்லாம் மூழ்கிவிடும். ஆகவே இடத்துக்கு இடம் நிறுத்தி நிறுத்தி அளக்க வேண்டும். 1930களிலேயே சோவியத் ஒன்றியத்தில் அல்பின் என்பவர் இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ஆனால் இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி கிணறுகளில் புழக்கத்துக்கு வர 2000ஆம் ஆண்டுவாக்கில் ஆகிவிட்டது.

ஒரு கேள்வி. நம் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் பிவிசி கேசிங் பைப் போடுகிறார்களே, அங்கே இந்த வித்தை பலிக்குமா? பலிக்காது. ஏன் என்று நீங்களே யோசித்து எழுதி அனுப்புங்கள்.