சிறிதளவு கதிர்வீச்சும் ஆபத்தானதா?

எக்ஸ் கதிர் அறையின் கதவில் கர்ப்பிணித் தாய்மாருக்கான எச்சரிக்கையை நம்மில் பலர் கண்டிருப்போம். அதைப் பார்த்துவிட்டு, வைத்தியர் எழுதிக் கொடுத்த படத்தையே எடுக்கத் தயங்குவோரும் உண்டு. சிறிதளவு கதிர்வீச்சும் ஆபத்தானதா? உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்கும் நான் இதற்கு விடை தேடியபோது, விஞ்ஞானிகளே பல தசாப்தங்களாக இதுபற்றி விவாதித்து வருவதை அறிந்தேன்.

உடல் பெறும் கதிர்வீச்சு மில்லிசீவேட் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. மண், பாறை, காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் பெறுகிறார். நெஞ்சு எக்ஸ் கதிர்ப் படமொன்றில் கிடைப்பது 0.1 அல்லது அதிலும் குறைவு. வயிற்று சீ.ரி. ஸ்கேன் ஒன்றில் ஏறத்தாழ 10.

1945இல் ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகளுக்குத் தப்பியவர்களை 1950 முதல் ஆய்வாளர்கள் கண்காணித்து வருகின்றனர். கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியது. 100 மில்லிசீவேட்டுக்கு மேல் இது தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே, வேறு காரணங்களால் வரும் ஏராளமான புற்றுநோய்களுக்குள் இச்சிறு அதிகரிப்பைப் பிரித்தறிவது மிகக் கடினம். எனவே, செய்முறை வகுப்பில் வரைபை அளவீடுகளுக்கு அப்பால் நீட்டுவதைப் போல, கோட்டைப் பூச்சியம் வரை நீட்டினார்கள். எவ்வளவு குறைந்தாலும் அதற்கேற்ற சிறு ஆபத்து உண்டு என்பதே இதன் பொருள். இதைத் தழுவியே, இயற்கையாகவும் மருத்துவத்தாலும் கிடைப்பது தவிர, பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவேட் என்னும் எல்லையைச் சர்வதேச ஆணைக்குழு பரிந்துரைத்தது.

இந்தக் கோட்டை எல்லோரும் ஏற்கவில்லை. கலங்கள் தம் சேதத்தைத் தாமே திருத்திக்கொள்வதால் இது ஆபத்தை மிகைப்படுத்துகிறது என 2005இல் பிரெஞ்சு விஞ்ஞான அக்கடமி கூறியது. நமது பேருவளைக் கடற்கரையிலும் காணப்படும் மொனசைற்று மணல், கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மிகுதி. அங்கே சுமார் 70,000 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை. மறுபுறம், பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3 இலட்சத்துக்கும் அதிகமான அணுத்துறை ஊழியர்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வு, குறைந்த அளவுகளிலும் ஆபத்து கூடுவதைக் காட்டியது.

அப்படியானால் எல்லையை மிகக் குறைவாக வைத்தால் போதுமே என்று தோன்றும். 2011இல் ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையம் விபத்துக்குள்ளானபோது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். வைத்தியசாலைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசரமாக இடம்மாற்றப்பட்டவர்களில் 50க்கும் அதிகமானோர் இறந்தனர். அப்பகுதி மக்களிடம் கதிர்வீச்சால் நேரடியாக ஏற்பட்ட உடல்நலப் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு பின்னர் தெரிவித்தது. எவ்வளவு கதிர்வீச்சு வெளியேறும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே வெளியேற்றியதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்னெச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அங்கே அதை நோயாளிகளும் முதியவர்களும் செலுத்தினார்கள்.

கதிர்வீச்சை "நியாயமான முறையில் இயன்றளவு குறைவாக" வைத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையின் விதி. அதில் 'நியாயமான' என்ற சொல்லே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோயைக் கண்டறியத் தேவையான படத்தை அச்சத்தால் தவிர்ப்பது நியாயமல்ல. வைத்தியர் வேண்டாமென்ற ஸ்கேனை வற்புறுத்திக் கேட்பதும் நியாயமல்ல. கர்ப்பமாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதவிலுள்ள அறிவித்தல் கேட்பதும் அதைத்தான்.