வயலில் இறங்கிய யானை எது?

ஓராண்டு உழைப்பை ஒரே இரவில் யானை அழித்துச் செல்லும் துயரைக் காடோர விவசாயிகள் நன்கறிவர். பறையடித்து விரட்டினும் மறுநாளும் யானை வருகிறது. வந்தது அதே யானையா, வேறொன்றா? இருளில் இதை அறிவது எங்ஙனம்?

யானையின் இலத்தியே விடை கூறுகிறது. அதன் மேற்புறத்தில் குடலிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றிலுள்ள மரபணு அடையாளம், நமது கைரேகையைப் போன்று, யானைக்கு யானை வேறுபடும்.

கென்யா நாட்டில் அம்போசெலி வனத்தையடுத்த வயல்களில் கிடந்த இலத்தியை அறிஞர்கள் இவ்வாறு ஆராய்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டனர். ஆண் யானைகள் யாவும் பயிரை மேய்வதில்லை. மேய்வனவற்றுள்ளும் ஒரு சிலவே திரும்பத் திரும்ப வருவன என்று கண்டனர். பாதிக்கு மேற்பட்ட வருகைகள் அச்சிலவற்றினுடையவை. இந்தியாவில் 2025-ல் வெளியான யானைக் கணக்கெடுப்பும் இலத்தியின் மரபணுவைக் கொண்டே செய்யப்பட்டது.

சிலவற்றின் பழக்கத்திற்காகக் கூட்டம் முழுவதையும் பகைப்பதில் பயனில்லை. ஒரே யானையின் இலத்தி எந்தெந்த வயல்களில் கிடக்கிறதென்று அறிந்தால், அதன் வழி புலப்படும். காவற்பரணையும் அகழியையும் அவ்வழியில் அமைக்கலாம். பயிருக்கு இழப்பீடு கோரும் நாம், இவ்வாராய்ச்சியை நம் வட்டாரத்திலும் நடத்துமாறு சங்கத்தின் வாயிலாக வனத்துறையைக் கோருவோமாக.