சொதிக்கு மூன்று பால்: வண்ண விளக்குக் கேமிங் கணினி எப்படி இயங்குகிறது?

திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்கிறவர்கள் தேங்காயை மூன்று முறை பிழிவார்கள். தண்ணீரான மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலில் பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்து கொதிக்கும். கெட்டியான முதற்பால் கடைசியில்தான் விழும்; நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். சொதிக்கு நிறமும் மணமும் தருவது அந்த முதற்பால்தான். கடைசியில் ஊற்றினாலும், அதற்கான தேங்காயை முதலிலேயே கணக்குப் பார்த்து உடைக்க வேண்டும்.

கேமிங் கணினியில் வண்ண விளக்குகள் முதற்பால் போல. எரிவது கடைசியில், திட்டமிட வேண்டியது முதலில். ஆலங்குளத்தில் இருந்துகொண்டு பாகங்களைத் திருநெல்வேலியில் தேடியோ, சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைத்தோ பொருத்துகிறவருக்கு இது இன்னும் முக்கியம். ஒயர் இணைப்பின் பின் வகை மாறிவிட்டால் அன்று மாலையே போய் மாற்றிவர முடியாது.

மூன்றாம் பால்: மின்சாரமும் காற்றும்

எல்லாம் வேகிற இடம் இது. ரைசன் 5 7600 சிபியு முழு வேகத்தில் சுமார் 88 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்கள், விளக்குகள் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 260 வாட்டை ஒட்டி நிற்கும். மின்சாரம் வழங்கும் பெட்டியாக நல்ல தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். மின்தடை வந்தால் விளையாட்டைச் சேமித்து நிறுத்த ஒரு யுபிஎஸ்ஸும், சுவர் பிளக்கில் சரியான எர்த்தும் வேண்டும்.

அடுத்து காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இந்த வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று புழுதியையும் வீட்டுக்குள் கொண்டுவரும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் அழகாக இருக்கும், ஆனால் காற்றை மறிக்கும். முன்பக்கம் வலை, பக்கவாட்டில் கண்ணாடி என்று வாங்குங்கள். உள்ளே தள்ளும் ஃபேன் மூன்று, வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று என வைத்தால் உள்ளே அழுத்தம் சற்றுக் கூடும். இடுக்குகள் வழியே தூசி நுழையாமல், வலை வடிகட்டியிலேயே நின்றுவிடும். அதை அவ்வப்போது கழுவிக் காயவைத்தால் போதும்.

அறையின் வெப்பம் அப்படியே உள்ளேயும் ஏறும். 25 டிகிரி அறையில் 65 டிகிரியில் ஓடும் கிராபிக்ஸ் கார்டு, சித்திரை மாதத்து 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 75-ஐத் தொடும். இரண்டு ஃபேன் கூடுதலாக வைப்பது அலங்காரத்துக்கு மட்டுமல்ல.

இரண்டாம் பால்: சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும்

பந்து எங்கே விழுகிறது, எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிப்பது சிபியு. அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1920 x 1080 திரையில் ஒரு படத்துக்கு 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. 144 படம் என்றால் 7 மில்லி வினாடிகூட இல்லை. இரண்டில் எது மெதுவோ, அதற்காக மற்றது காத்திருக்கும். காய் வேகாமல் பருப்பு மட்டும் குழைந்தால் சொதி ஆகாது. பணத்தை ஒன்றிலேயே கொட்டாமல், முதலில் திரையைத் தீர்மானித்து அதற்கேற்ற ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்.

முதற்பால்: நிறம்

சிவப்பும் பச்சையும் எல்இடியாக முன்பே இருந்தன. 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அந்த நீலத்துக்காக உழைத்த ஆய்வாளர்கள் அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று நிறமும் ஒரே சிறு விளக்கில் அடங்கியதால், நிறத்துக்கு 256 படிகள் என 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட கலவைகள் கிடைக்கின்றன.

இந்த மூவண்ண விளக்கில் இரண்டு வகை. சாதாரண ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு பின். அதில் எல்லா விளக்கும் ஒரே நிறம். ஏஆர்ஜிபி 5 வோல்ட், மூன்று பின். அதில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிறம். கட்டளை வரிசையாக வரும்போது முதல் விளக்கு தன் பங்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். அதனால்தான் நிறம் அலைபோல் ஓடுகிறது. ஏஆர்ஜிபி விளக்கை 12 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். ஆகவே மதர்போர்டு வாங்கும்முன் எந்த இணைப்பு எத்தனை என்று பாருங்கள்.

நிறத் திட்டமும் மின்கணக்குதான். மூன்று நிறமும் முழுதாக எரிந்து வெள்ளையானால் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். வெறும் சிவப்பு என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபேனுக்கு 8 விளக்கு, 6 ஃபேன் என்றால் வெள்ளையில் 2.88 ஆம்பியர். பல மதர்போர்டுகளில் ஓர் இணைப்பின் வரம்பு 3 ஆம்பியர். அதோடு 30 விளக்குள்ள ஒரு பட்டையையும் சேர்த்தால் 4.68 ஆகி வரம்பைத் தாண்டும். அப்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ஹப் வேண்டும்.

ஒத்திசைவில் கடினமானது வெள்ளை. ஒரு நிறுவனத்தின் வெள்ளை நீலம் தட்டும், இன்னொன்றின் வெள்ளை மஞ்சள் தட்டும். ஃபேன்களை ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் வாங்குவது இதற்காகத்தான். மஞ்சள் வேண்டுமென்றால் சிவப்பும் பச்சையும் சமமாக வைக்காதீர்கள். கண்ணுக்குப் பச்சையே தூக்கலாகத் தெரியும். பச்சையைக் குறைத்தால்தான் மஞ்சள் மஞ்சளாகும். ராம் விளக்குக்குத் தனி ஒயர் கிடையாது, கட்டளை மதர்போர்டு வழியாகவே போகும். ஆகவே மதர்போர்டு நிறுவனத்தின் மென்பொருளுக்கு ஒத்துவரும் ராமையே எடுங்கள். ஓப்பன்ஆர்ஜிபி என்ற இலவச மென்பொருள் பல நிறுவனங்களின் விளக்குகளை ஒரே இடத்தில் இயக்கும்.

வரிசை

தாளில் முதலில் நிறம்: பெரும்பகுதிக்கு ஒன்று, துணைக்கு ஒன்று. அடுத்து விளக்கு எண்ணிக்கை, ஆம்பியர், பின் வகை. பிறகு திரை, கிராபிக்ஸ் கார்டு, சிபியு. கடைசியில் எஸ்எம்பிஎஸ், கேபினட். பொருத்தும்போது வரிசை தலைகீழ்: கணினி விளக்கில்லாமல் ஓடி, விளையாட்டில் ஒரு மணி நேரம் சூடு தாங்கிய பிறகே விளக்கு ஒயரைச் செருகுங்கள். அதற்குப் பின் ஏதாவது கோளாறு வந்தால், முதலில் தேட வேண்டியது விளக்குப் பக்கம்தான்.