திருச்சி சொல்லித்தரும் ஆங்கிலம்!

"பெரிய" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

"பிக்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால், எல்லா இடத்துக்கும் "பிக்" பொருந்தாது. எங்கே எது பொருந்தும் என்று தெரியவேண்டுமா? திருச்சிக்கு வாருங்கள்!

மூன்று "பெரிய"

மலைக்கோட்டை அருகே பெரிய கடை வீதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அது "பிக் பஜார்" தெரு. அளவில் பெரியது, அவ்வளவுதான். அதற்கு "பிக்" போதும்.

காவிரியில் இருப்பது கல்லணை. கரிகால் சோழன் கட்டியது என்பார்கள். ஆங்கிலேயர் அதை "கிராண்ட் அனிகட்" என்றார்கள். நம்முடைய "அணைக்கட்டு"தான் அவர்கள் வாயில் "அனிகட்" ஆனது! பார்த்தவர் பிரமிக்கும்படி பெரியதாக இருந்தால், அது "கிராண்ட்".

1853-ல் இங்கிலாந்தில் ஒரு ரெயில்வே கம்பெனி ஏற்பட்டது. நாகப்பட்டினத்தில் இருந்து திருச்சிக்கு ரெயில் பாதை போட்டது அதுதான். "கிரேட் சதர்ன்" என்று பெயர் வைத்துக்கொண்டது. பெருமையிலும் மதிப்பிலும் பெரியது "கிரேட்".

காந்தி அடிகள் "கிரேட் மேன்". "பிக் மேன்" என்றால், உடம்பைச் சொல்வதாக எண்ணிக்கொள்வார்கள்!

கோபுரமும் மலையும்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம். 1987-ல் கட்டி முடித்தார்கள். மலைக்கோட்டை சுமார் 270 அடி உயரம்.

இரண்டும் உயரம்தான். ஆனால் கோபுரம் "டால்". மலை "ஹை".

அகலம் குறைந்து, உயரம் மிகுந்து, நிமிர்ந்து நின்றால் "டால்". மனிதன், தென்னை மரம், கோபுரம் எல்லாம் இந்த வகை. மலை, மதில், மேகம் எல்லாம் "ஹை".

"என் அண்ணன் ஹை" என்று எழுதிவிடாதீர்கள். அண்ணன் போதையில் இருக்கிறான் என்று அர்த்தமாகிவிடும்!

பட்டியல் போதுமா?

ஒரே பொருள் தரும் சொற்களை வகை வகையாகத் தொகுத்து, 1852-ல் ரோஜெட் என்ற டாக்டர் ஒரு புத்தகம் வெளியிட்டார். நல்ல புத்தகம். ஆனால், பட்டியல் சொல்லைத் தரும். சொல்லின் இடத்தைச் சொல்லாது.

உங்கள் மகன் வேலைக்கு மனு எழுதுகிறான். பட்டியலைப் பார்த்துப் பெரிய பெரிய சொல்லாகப் போடுகிறான். அதிகாரி முதல் வரியிலேயே சிரித்துவிட்டால், மனு என்ன ஆகும்?

என்ன வழி?

சொல்லைத் தனியாகப் படிக்கக்கூடாது. ஜோடியாகப் படிக்கவேண்டும். பலத்த மழைக்கு "ஹெவி". காபிக்கு "ஸ்டிராங்". மாற்றிப் போட்டால் காதில் இடிக்கும். ஆங்கிலப் பத்திரிகையில் பார்க்கும் ஜோடிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தினம் ஐந்து போதும். சத்தம் போட்டுப் படியுங்கள்.

இது முடியுமா என்று மலைக்கவேண்டாம். "உயரமான மனிதர்" வேறு, "உயர்ந்த மனிதர்" வேறு. முன்னது உடம்பு, பின்னது குணம். பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட இதில் தவறமாட்டாள். அவளுக்கு யார் பாடம் நடத்தினார்கள்? காதால் கேட்டாள், வாயால் சொன்னாள், வந்துவிட்டது.

ஆங்கிலமும் அப்படித்தான் வரும்!