ட்ரெண்டோடு ஒத்துப்போவது பெருமையா? நாதஸ்வரம் சொல்லும் பதில்!

``இந்தப் பாட்டை இன்னும் நீங்க கேக்கலையா தாத்தா?’’ என்று பேரன் கிண்டல் செய்கிறான். ``இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒரு பாட்டாடா?’’ என்று தாத்தா திருப்பி அடிக்கிறார். ட்ரெண்டில் இருப்பது ஒருவருக்குப் பெருமை. அதில் இல்லாமல் இருப்பது இன்னொருவருக்குப் பெருமை. வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டைதான் இது. இதில் யார் பக்கம் நியாயம்?

தஞ்சை மண்ணின் நாதஸ்வரத்தைக் கேட்டுப் பார்ப்போமா?

கிராப்பு வைத்த சக்கரவர்த்தி

`நாதஸ்வரச் சக்கரவர்த்தி’ திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) தன் காலத்து ஸ்டைலில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. நாதஸ்வரக் கலைஞர் என்றால் குடுமிதான் என்றிருந்த காலத்தில் கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டும் ஷெர்வானியும் போட்டார். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கி 1940-ல் வெளியான `காளமேகம்’ படத்தில் ஹீரோவாகவும் நடித்தார்.

ஆனால், எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டவில்லை. நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, மற்ற வித்வான்களைப்போல மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அன்று புழக்கத்தில் இருந்த `திமிரி’ நாதஸ்வரம் குட்டையானது, சுருதி அதிகம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளமான, சுருதி குறைந்த `பாரி’ நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தார். அதுதான் இன்று கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது.

அவருடைய கிராப்பை இன்று யாரும் பேசுவதில்லை. தோடி ராகத்தைத்தான் பேசுகிறார்கள்.

சினிமா கெடுத்ததா?

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த `கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் போட்டி போட்ட `சிங்கார வேலனே தேவா’ பாட்டு, பட்டிதொட்டியெல்லாம் ஆபேரி ராகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1968-ல் வந்த `தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். சபா வாசலை மிதிக்காதவர்கள்கூட நாதஸ்வரத்தை ரசித்தார்கள்.

சினிமாவோடு கைகோத்ததால் கலை குறைந்துவிடவில்லை. காரணம், அவர்கள் கையில் சினிமாவுக்குக் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது.

சிக்கல் எங்கே?

இன்று கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்த இரண்டாவது நிமிடமே, ``அண்ணே, அனிருத் பாட்டு ஒண்ணு வாசிங்கண்ணே’’ என்று சீட்டு வருகிறது. அவரும் வாசிக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. முகூர்த்தமே இல்லாத மாதங்களில் கல்யாண வருமானமும் கிடையாது. கூப்பிட்டவர்களைச் சந்தோஷப்படுத்தினால்தான் அடுத்த கல்யாணத்துக்கும் அழைப்பு வரும்.

ஆனால், ஹிட் பாட்டு மட்டும்தான் வேண்டுமென்றால், அதை டி.ஜே பாக்ஸ் இன்னும் சத்தமாகப் போட்டுவிடும். அப்புறம், ``நாதஸ்வரம், தவில் செட்டு எதுக்கு?’’ என்ற கேள்வி வரும். எல்லோரும் செய்வதையே நாமும் செய்தால், நம் இடத்தில் வேறு யாரை வேண்டுமானாலும் உட்காரவைத்துவிடலாம். செண்டை மேளம் அந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.

கும்பகோணம் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்கு அங்கீகாரம் கிடைத்தால் மட்டும் போதுமா? வருடக்கணக்கில் சாதகம் செய்து கற்ற ராகத்தை உட்கார்ந்து கேட்க நாலு பேர் வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் பேசும்போதே, ``முதல் அரைமணி நேரம் உங்க விருப்பம்ணே. அப்புறம் எங்க பாட்டு’’ என்று சொல்லிவிடுங்கள். அந்த அரைமணி நேரம் ஸ்பீக்கரை நிறுத்தி வையுங்கள். தாத்தாவும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும்.

ட்ரெண்டைத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. ஊரோடு சேர்ந்து சிரிக்கவும் ஆடவும் அது உதவும். ஆனால், அது பெருமைப்படும் சாதனையும் இல்லை. ஒதுங்கி நிற்பதும் சாதனை இல்லை. ஊர் கூடும் இடத்துக்கு நாம் எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் பெருமை இருக்கிறது.